குடியும் கேலியும்: முஸ்லிம் மரபில் இரு பழைய வழக்குகள்

மதீனாவில் அப்துல்லாஹ் என்றொருவர் இருந்தார். ஊரார் அவருக்கு வைத்த பட்டப்பெயர் ஹிமார், அதாவது கழுதை. நபிகள் நாயகத்தைச் சிரிக்கவைப்பதில் அவர் கெட்டிக்காரர். குடிப்பழக்கமும் உண்டு. மது விலக்கப்பட்ட பிறகும் அவரால் அதை விட முடியவில்லை. பிடிபட்டார், அடி வாங்கினார், மறுபடியும் பிடிபட்டார். அப்படி ஒருமுறை அவரைக் கொண்டுவந்து நிறுத்தியபோது, கூட்டத்தில் ஒருவர் பொறுமையிழந்து, எத்தனை தடவைதான் இந்த ஆளை இழுத்துவருவது, இறைவன் இவரைச் சபிக்கட்டும் என்றார். நபிகள் நாயகம் அவரைத் தடுத்தார். இவரைச் சபிக்காதீர்கள், இவர் அல்லாஹ்வையும் அவனது தூதரையும் நேசிக்கிறவர் என்பதை நான் அறிவேன் என்றார். ஸஹீஹ் புகாரியில் பதிவாகியிருக்கும் செய்தி இது.

அடி ரத்தாகவில்லை. மது ஹலாலாகிவிடவும் இல்லை. ஆனால் அந்த மனிதர் சமூகத்தைவிட்டு வெளியே தள்ளப்படவில்லை. அவருடைய இறைநம்பிக்கையை யாரும் பறித்துக்கொள்ளவில்லை. செய்தது பாவம், செய்தவர் நம்மவர் என்ற இந்தப் பிரிப்புதான் மது விஷயத்தில் முஸ்லிம் மரபின் முதுகெலும்பு. மதத்தை வைத்துச் சிரிக்கும் விஷயத்திலும் இதற்கு நெருக்கமான ஒரு பிரிப்பு நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது. அது எப்படி உருவானது, எங்கே உடைந்தது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். முஸ்லிம்கள் எல்லோரும் மதுவை வெறுப்பவர்கள், நகைச்சுவை தெரியாதவர்கள் என்று வெளியிலிருந்து சொல்கிறவர்களும், உண்மையான முஸ்லிம் சிரிக்கவே மாட்டான் என்று உள்ளிருந்து சொல்கிறவர்களும் இந்த வரலாற்றின் பெரும்பகுதியைத் தவறவிடுகிறார்கள்.

தடை வந்த விதம்

குர்ஆனில் மதுவிலக்கு ஒரே நாளில் வரவில்லை. முதலில் வந்த வசனம், மதுவிலும் சூதாட்டத்திலும் பெரும் பாவமும் மனிதர்களுக்குச் சில பயன்களும் உண்டு, பாவமே பெரிது என்றது (2:219). அடுத்தது, போதையில் இருக்கும்போது தொழுகையை நெருங்க வேண்டாம் என்றது (4:43). ஒரு நாளைக்கு ஐந்து வேளைத் தொழுகை என்றால் குடிப்பதற்கான நேரம் தானாகவே சுருங்கிவிடும். இறுதியாக, மதுவும் சூதாட்டமும் ஷைத்தானின் செயல்களில் உள்ள அருவருப்பு, விலகிக்கொள்ளுங்கள் என்ற கட்டளை வந்தது (5:90). அதற்கு அடுத்த வசனம் காரணத்தையும் சொல்கிறது: இவற்றின் மூலம் உங்களுக்குள் பகையும் வெறுப்பும் மூளும், இறைநினைவும் தொழுகையும் தடைபடும்.

அந்தக் கட்டளை வந்த நாளின் காட்சியை நபித்தோழர் அனஸ் பின் மாலிக் நேரில் கண்டு சொல்லியிருக்கிறார். அப்போது அவர் இளைஞர். அபூதல்ஹாவின் வீட்டில் கூடியிருந்தவர்களுக்குப் பேரீச்சங்காய் மதுவை ஊற்றிக்கொண்டிருந்தார். வெளியே ஒருவர் உரக்க அறிவித்துக்கொண்டு போவது கேட்டது. என்ன சத்தம் என்று பார்த்துவரச் சொன்னார்கள். மது விலக்கப்பட்டுவிட்டது என்று தெரிந்ததும், போய்க் கொட்டிவிடு என்றார் அபூதல்ஹா. மதீனாவின் தெருக்களில் மது வழிந்தோடியது. அறிவிப்பாளரை யாரும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை, மிச்சத்தை முடித்துவிடுவோம் என்றும் சொல்லவில்லை.

எது மது என்பதில் சட்ட அறிஞர்களுக்குள் பெரிய விவாதம் நடந்தது. போதை தருவது எல்லாமே மதுதான், அதிகமாகக் குடித்தால் போதை தரும் எதுவும் ஒரு சொட்டுகூட ஆகாது என்பது மாலிகி, ஷாஃபிஈ, ஹன்பலி மத்ஹபுகளின், அதாவது சட்டப்பள்ளிகளின் நிலை. நான்காவதான ஹனஃபி மத்ஹபின் மூலவர், கூஃபாவின் இமாம் அபூஹனீஃபா, திராட்சை மதுவுக்கு முழுத்தடை என்றும், தானியம், தேன் முதலியவற்றிலிருந்து செய்யும் சில பானங்கள் போதை அளவை எட்டாதவரை அந்தத் தடைக்குள் வராது என்றும் கருதினார். அவருடைய மாணவர் முஹம்மத் அஷ்ஷைபானி இதை ஏற்கவில்லை. பிற்கால ஹனஃபி அறிஞர்கள் மாணவரின் பக்கமே நின்றார்கள். இன்று நான்கு மத்ஹபுகளிலும் பீர், விஸ்கி, கள் எல்லாம் ஹராம். தமிழகத்தில் கடற்கரை ஊர்களின் ஷாஃபிஈகளும் உள்நாட்டு ராவுத்தர் ஹனஃபிகளும் தொழுகை முறையில் வேறுபட்டாலும் இதில் வேறுபடுவதில்லை.

தடை வெறும் ஏட்டளவில் நின்றுவிடவுமில்லை. உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2016இல் உலக அளவில் பதினைந்து வயதுக்கு மேற்பட்ட ஒருவர் ஆண்டுக்கு அருந்திய தூய ஆல்கஹாலின் சராசரி 6.4 லிட்டர். பெரும்பாலும் முஸ்லிம் நாடுகளைக் கொண்ட கிழக்கு மத்தியதரைக்கடல் மண்டலத்தில் அது 0.6 லிட்டர். ஒரு மதக்கட்டளை பதினான்கு நூற்றாண்டுகளுக்குப் பிறகும் கோடிக்கணக்கான வீடுகளில் ஒரு தீமையை வாசலிலேயே நிறுத்திவைத்திருக்கிறது. குடியால் சிதைந்த குடும்பங்களை அறிந்த எவரும் இதைச் சிறிய சாதனை என்று சொல்ல மாட்டார்கள்.

சுவர் ஏறிய கலீஃபா

குடிப்பவருக்கு என்ன தண்டனை என்று குர்ஆன் சொல்லவில்லை. நபிகள் நாயகத்தின் காலத்தில் பேரீச்ச மட்டையாலும் செருப்பாலும் ஏறத்தாழ நாற்பது அடி கொடுத்தார்கள். முதல் கலீஃபா அபூபக்கர் அதையே தொடர்ந்தார். அடுத்து வந்த உமர் தம் ஆட்சியில் கலந்தாலோசித்து எண்பதாக்கினார். ஆனால் தண்டனையை நிறைவேற்ற வேண்டுமானால் இரண்டு சாட்சிகள் வேண்டும், அல்லது குடித்தவரே தெளிந்த நிலையில் ஒப்புக்கொள்ள வேண்டும். கட்டாயப்படுத்தி ஊற்றினார்களா, மது என்று தெரிந்துதான் குடித்தாரா என்றெல்லாம் சட்டநூல்கள் கேட்டன.

இமாம் கஸ்ஸாலி தம் 'இஹ்யா' நூலில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார். கலீஃபா உமர் இரவில் நகர்வலம் போகும்போது ஒரு வீட்டில் சந்தேகம் எழ, சுவரேறி உள்ளே குதித்து, தவறு செய்துகொண்டிருந்தவரைக் கையும் களவுமாகப் பிடித்துவிடுகிறார். அந்த மனிதர் பதறவில்லை. நான் செய்தது ஒரு குற்றம், நீங்கள் செய்தது மூன்று என்கிறார். துருவி ஆராயாதீர்கள் என்கிறது குர்ஆன், நீங்கள் துருவினீர்கள். வீடுகளுக்கு வாசல் வழியாக வாருங்கள் என்கிறது, நீங்கள் சுவரேறி வந்தீர்கள். அனுமதி கேட்டு ஸலாம் சொல்லி நுழையுங்கள் என்கிறது, நீங்கள் சொல்லவில்லை. கலீஃபாவிடம் பதில் இல்லை. இனிமேல் செய்வதில்லை என்று வாக்கு வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார். மூடிய கதவுக்குப் பின்னால் நடப்பதை மோப்பம் பிடித்துப் போகக் கூடாது, வெளியே தெரியவந்தால் மட்டுமே தடுக்க வேண்டும் என்பது கஸ்ஸாலி இதிலிருந்து எடுக்கும் முடிவு.

இந்த இடைவெளிக்குள்தான் வரலாற்றின் முஸ்லிம் குடிகாரர்கள் வாழ்ந்தார்கள். அப்பாஸியக் காலத்து பாக்தாத்தில் அபூநுவாஸ் மதுவைப் பாடியே பேரெடுத்தார். இன்றும் டைகிரிஸ் நதிக்கரையில் ஒரு சாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஷீராஸின் ஹாஃபிஸ் பாடிய மது இறைக்காதலா திராட்சை ரசமா என்ற வழக்கு அறுநூறு ஆண்டுகளாக முடியவில்லை. குர்ஆனை மனனம் செய்தவர் என்பதால் வந்த பட்டமே அவருடைய புனைபெயர் என்பதையும் மறக்கக் கூடாது. முகலாயர் பாபர் 1527இல் கான்வா போருக்கு முன் மதுவைக் கைவிடுவதாகச் சபதமெடுத்து, பொன் வெள்ளிக் கிண்ணங்களை உடைத்து ஏழைகளுக்குப் பகிர்ந்தார். பின்னாளில் அதற்காக மனம் ஏங்கியதையும் மறைக்காமல் எழுதினார். அவருடைய கொள்ளுப்பேரன் ஜஹாங்கீர் அரியணை ஏறியதும் மது காய்ச்சுவதையும் விற்பதையும் தடைசெய்தார். அந்தத் தடையைப் பதிவுசெய்த தம் நினைவுக்குறிப்பிலேயே தாம் குடிப்பதையும் ஒப்புக்கொண்டார். கையில் மதுக்கிண்ணத்தோடு தம் உருவம் பொறித்த தங்க நாணயங்களையும் வெளியிட்டார்.

வரலாற்றாய்வாளர் ஷஹாப் அஹ்மத் இத்தகைய சான்றுகளை ஆழமாக ஆராய்ந்தவர். அவர் மறைந்த பிறகு வெளிவந்த அவருடைய பெருநூல், பால்கன் முதல் வங்காளம் வரையிலான முஸ்லிம் உலகில் சட்டம் ஒன்றைச் சொல்லும்போதே கவிதையும் தத்துவமும் சூஃபித்துவமும் வேறொன்றைச் சொல்வதும், இரண்டுமே இஸ்லாமாக உணரப்பட்டதும்தான் வரலாறு என்று வாதிட்டது. இதில் ஒரு எச்சரிக்கை தேவை. அரசவையும் கவிஞர் சபையும் முழுச் சமூகமாகிவிடாது. உழவரும் நெசவாளரும் கடலோடியும் குடிக்காமலேயே வாழ்ந்தார்கள், அவர்களைப் பற்றி யாரும் கவிதை எழுதவில்லை. ஆனாலும் ஒன்றை மறுக்க முடியாது. ஹாஃபிஸின் நூலை வீட்டில் குர்ஆனுக்குப் பக்கத்தில் வைத்திருந்த பக்தர்கள், அவரைக் காஃபிர் என்று ஒதுக்கவில்லை.

சிரித்த சபை

நபிகள் நாயகம் நகைச்சுவையாகப் பேசுவார், உண்மையை மட்டுமே பேசுவார் என்று ஹதீஸ்கள் சொல்கின்றன. ஒருவர் ஏறிச்செல்ல ஒட்டகம் கேட்டார். ஒட்டகக் குட்டியைத் தருகிறேன் என்றார். குட்டியை வைத்து நான் என்ன செய்வேன் என்று அவர் திகைக்க, எந்த ஒட்டகமும் ஒரு ஒட்டகத்துக்குக் குட்டிதானே என்றார். நுஐமான் என்ற தோழர் பயணத்தில் தமக்குச் சாப்பாடு தர மறுத்த ஸுவைபித் என்ற தோழரை, இவன் என் அடிமை, தான் சுதந்திரமானவன் என்று பொய் சொல்வான், நம்பாதீர்கள் என்று சொல்லிப் பத்து ஒட்டகங்களுக்கு விற்றுவிட்டார். அபூபக்கர் விலையைத் திருப்பிக் கொடுத்து மீட்க வேண்டியதாயிற்று. மதீனாவில் ஓராண்டு காலம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்களாம்.

பின்வந்த நூற்றாண்டுகளில் நகைச்சுவை மார்க்க அறிவின் வட்டத்துக்குள்ளேயே புகுந்தது. மதீனாவின் அஷ்அப், பேராசைக்கும் கோமாளித்தனத்துக்கும் பேர்போனவர். உனக்கு ஒரு ஹதீஸாவது தெரியுமா என்று கேட்டார்கள். தெரியுமே, இரண்டு குணங்கள் உள்ளவர் இறைவனின் நேசத்தைப் பெறுவார் என்று ஹதீஸ் அறிவிப்பாளர் நாஃபிஉ எனக்கு அறிவித்தார் என்றாராம். அவை எவை? ஒன்றை நாஃபிஉ மறந்துவிட்டார், மற்றதை நான் மறந்துவிட்டேன். அறிவிப்பாளர் வரிசையைக் கண்ணும் கருத்துமாகச் சரிபார்த்த ஒரு சமூகம், அதே முறையை வைத்துச் சிரித்த சிரிப்பு இது. இதைப் பதிந்து பாதுகாத்தவர்களும் அந்தச் சமூகத்தின் அறிஞர்கள்தான்.

பாக்தாத்தின் இப்னுல் ஜவ்ஸி இன்னும் தெளிவான சான்று. 1201இல் மறைந்த இவர் கண்டிப்பான ஹன்பலி அறிஞர், ஆயிரக்கணக்கானோர் திரண்டு கேட்ட சொற்பொழிவாளர். முட்டாள்களைப் பற்றி ஒரு நூலே எழுதினார். அதில் தவறாக ஓதும் குர்ஆன் ஓதுநர்கள், அசட்டு நீதிபதிகள், இமாம்கள், முஅத்தின்கள், பிரசங்கிகள் என்று தம் சொந்த வர்க்கத்தையே வரிசையாக நிற்கவைத்தார். ஓதுநரின் தவறு சிரிப்புக்குரியது, ஓதப்படும் வேதம் அல்ல. அந்தக் கோடு எங்கே போகிறது என்று எழுதியவருக்கும் தெரியும், படித்தவருக்கும் தெரியும்.

முல்லா நஸ்ருத்தீனைத் தமிழ்க் குழந்தைகளுக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை மேடையேறி, நான் என்ன பேசப்போகிறேன் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றதும், தெரியாதவர்களிடம் பேசிப் பயனில்லை என்று இறங்கிவிட்டார். அடுத்த வாரம் தெரியும் என்றார்கள். அப்படியானால் பேசத் தேவையில்லை என்றார். மூன்றாம் வாரம் பாதிப்பேர் தெரியும் என்றும் பாதிப்பேர் தெரியாது என்றும் சொல்ல, தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்று போய்விட்டார். பள்ளிவாசல் பிரசங்கத்தை வைத்தே எழுந்த இந்தக் கதை துருக்கி முதல் மத்திய ஆசியா வரை பள்ளிவாசல்களுக்கு வெளியே மட்டுமல்ல, உள்ளேயும் சொல்லப்பட்டது.

மதுவும் கேலியும் ஒன்றாகவே வந்து சேருமிடம் துருக்கியின் பெக்தாஷி சூஃபிகளைப் பற்றிய கதைகள். ஏன் தொழுவதில்லை என்று ஒரு பெக்தாஷியைக் கேட்டார்கள். தொழுகையை நெருங்காதீர்கள் என்று குர்ஆனே சொல்கிறதே என்றார். வசனத்தின் மிச்சத்தையும் ஓது, போதையில் இருக்கும்போது என்றல்லவா வருகிறது என்று அதட்டினார்கள். முழுவதும் தெரிவதற்கு நான் ஹாஃபிஸா என்றார் அவர். வசனத்தைத் தனக்கு வசதியாக வெட்டிக்கொள்ளும் எல்லோரையும் இந்தக் கதை குத்துகிறது. பெக்தாஷிகளைப் பிடிக்காதவர்களும் இதைச் சொல்லிச் சிரித்தார்கள்.

டெல்லியில் மிர்ஸா காலிபைப் பற்றிச் சொல்வதும் இதே இனம். 1857 கலகத்துக்குப் பின் நகரைப் பிடித்த ஆங்கிலேய அதிகாரி, நீ முஸ்லிமா என்று கேட்டபோது, பாதி முஸ்லிம் என்றாராம் காலிப். அதென்ன பாதி? மது குடிப்பேன், பன்றி தின்பதில்லை. அவருடைய வரலாற்றை எழுதிய மாணவர் ஹாலி, சீர்திருத்தவாதி, பக்திமான். ஆசிரியரின் இந்தச் சொல்லை அவர் மறைக்கவில்லை, பெருமையோடு பதிவுசெய்தார்.

கேலி குற்றமான கதை

கேலிக்கு எல்லையே இல்லை என்று மரபு ஒருபோதும் சொல்லவில்லை. தபூக் படையெடுப்பின்போது இறைவனையும் வசனங்களையும் தூதரையும் பரிகசித்துவிட்டு, சும்மா விளையாட்டுக்குப் பேசினோம் என்று சாக்குச் சொன்னவர்களைக் குர்ஆன் கடுமையாகக் கண்டிக்கிறது (9:65, 66). ஒரு கூட்டத்தார் இன்னொரு கூட்டத்தாரைப் பரிகசிக்க வேண்டாம் என்றும் (49:11), பிறர் வணங்குபவற்றைத் திட்டாதீர்கள் என்றும் (6:108) சொல்கிறது. நபிகள் நாயகத்தின் மீது ஒரு சாதாரண முஸ்லிமுக்கு இருக்கும் அன்பு, பெற்றோர் மீதான அன்பையும் மிஞ்சியது. அவரை இழிவுபடுத்தினால் வலிக்கும். அந்த வலி நடிப்பல்ல. அதைப் புரிந்துகொள்ளாமல் இந்த விவாதத்தில் ஒரு அடியும் எடுத்துவைக்க முடியாது.

ஆனால் அந்த வலி சட்டப்பிரிவாக மாறியது நவீன காலத்தில். லாகூரில் நபிகள் நாயகத்தை இழிவுபடுத்திய ஒரு நூலின் பதிப்பாளரை 1927இல் உயர்நீதிமன்றம் விடுவித்தது; அப்போதிருந்த சட்டத்தில் அந்தக் குற்றத்துக்கு இடமில்லை என்றது. அந்த ஆண்டே இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 295ஏ பிரிவு சேர்ந்தது. 1929இல் பதிப்பாளர் கொல்லப்பட்டார், கொன்ற இளைஞர் தூக்கிலிடப்பட்டார். பாகிஸ்தானில் ஜெனரல் ஜியாவுல் ஹக் ஆட்சி 1986இல் 295சி பிரிவைச் சேர்த்தது. 1990இல் ஃபெடரல் ஷரீஅத் நீதிமன்றம், மரண தண்டனை மட்டுமே பொருந்தும் என்றது. சட்டத்தின்கீழ் அரசு யாரையும் இதுவரை தூக்கிலிடவில்லை. கும்பல்களும் தனியாட்களும் பலரைக் கொன்றுவிட்டார்கள். அந்தச் சட்டத்தை விமர்சித்ததற்காகப் பஞ்சாப் ஆளுநர் சல்மான் தாசீரை 2011 ஜனவரி 4 அன்று அவருடைய மெய்க்காவலரே சுட்டுக்கொன்றார்.

அதே பாகிஸ்தானில் மதுவின் கதையை ஒப்பிட்டால் வேறுபாடு பளிச்செனத் தெரியும். குடிப்பதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட பிரதமர் பூட்டோ, ஆமாம் குடிக்கிறேன், ஏழைகளின் ரத்தத்தை அல்ல என்று பொதுக்கூட்டத்தில் சொன்னார், மக்கள் ஆரவாரித்தார்கள். 1977இல் எதிர்க்கட்சிகளின் நெருக்கடியில் அவரே முஸ்லிம்களுக்கு மதுவைத் தடைசெய்தார். 1860இல் தொடங்கிய மரீ மதுவாலை இன்றும் முஸ்லிமல்லாதவர்களுக்கென்று பீர் காய்ச்சுகிறது. அதன் வாடிக்கையாளர்கள் எல்லோரும் முஸ்லிமல்லாதவர்கள் என்று அங்கே யாரும் நம்புவதில்லை. தெரிந்தும் தெரியாததுபோல் விட்டுவிடும் பழைய பெருந்தன்மை மதுவுக்குக் கிடைக்கிறது. வாய்தவறி விழுந்த ஒரு சொல்லுக்குக் கிடைப்பதில்லை.

திரைப்படங்களும் இந்த நெருக்கடியைச் சந்தித்தன. ஈரானில் 2004இல் வந்த 'மார்மூலக்' படத்தில் சிறையிலிருந்து தப்பும் திருடன் முல்லா உடை அணிந்துகொள்கிறான். மக்கள் அவனைச் சூழ்ந்துகொள்ள, அவன் பிரசங்கம் செய்ய நேர்கிறது. ஈரானியர்கள் திரையரங்குகளை நிறைத்தார்கள், சில வாரங்களில் படம் திரும்பப் பெறப்பட்டது. எகிப்தின் நகைச்சுவை நடிகர் ஆதில் இமாமுக்கு 2012இல் இஸ்லாத்தை இழிவுபடுத்தியதாக மூன்று மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது, மேல்முறையீட்டில் விடுதலை கிடைத்தது. பாரிஸில் 2015 ஜனவரி 7 அன்று 'சார்லி ஹெப்டோ' கேலி இதழின் அலுவலகத் தாக்குதலில் 12 பேர் கொல்லப்பட்டபோது, தெருவில் வீழ்ந்த போலீஸ்காரர் ஒரு முஸ்லிம் என்பதும் இந்த வரலாற்றின் பகுதி.

இன்றைய நிலை

நடுத்தெருவில் நின்று பார்த்தால் எல்லா நிலைகளும் ஒரே காலத்தில் தெரிகின்றன. மலேசியாவின் பஹாங் மாநிலத்தில் பீர் குடித்த ஒரு பெண்ணுக்கு 2009இல் ஆறு பிரம்படி விதித்தார்கள். உலகமே பேசிய பிறகு சுல்தான் அதை மூன்று வாரச் சமூகப் பணியாகக் குறைத்தார். துருக்கியில் ராக்கி என்ற மது பரிமாறும் மேசை பண்பாட்டின் அங்கம், ஆனால் 2013 முதல் இரவு பத்து மணிக்குமேல் கடைகளில் மது விற்கக் கூடாது. 1952 முதல் மதுவைத் தடைசெய்த சவூதி அரேபியா, முஸ்லிமல்லாத தூதரக அதிகாரிகளுக்காக 2024இல் ரியாதில் ஒரு கடை திறந்தது. ஈரானில் தடைக்கு நடுவே கள்ளச்சாராயம் ஓடுகிறது. 2020இல் கொரோனாவுக்கு மருந்து என்று நம்பி மெத்தனால் குடித்த நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள்.

மேற்கு நாடுகளில் வளர்ந்த புதிய தலைமுறை, சிரிப்பை மறுபடி பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்திருக்கிறது. கனடாவில் ஸர்கா நவாஸ் உருவாக்கிய 'லிட்டில் மாஸ்க் ஆன் த ப்ரேரி' தொடர் 2007 முதல் 2012 வரை ஓடியது. பெண்கள் தொழும் இடத்துக்குத் தடுப்பு வைப்பதா வேண்டாமா என்ற சண்டையையும் அது நகைச்சுவையாக்கியது. எகிப்திய அமெரிக்கரான ரமி யூசுஃபின் 'ரமி' தொடர் 2019இல் வந்தது. அதன் நாயகன் திருமணத்துக்கு வெளியே உறவு கொள்கிறான், வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கும் போகிறான், மதுவை மட்டும் தொடுவதில்லை. பல இளம் முஸ்லிம்கள் தங்களை அதில் கண்டார்கள். மற்ற விதிகள் நெகிழ்ந்த பிறகும் மதுவிலக்கு, நான் இன்னார் என்று சொல்லும் கடைசி அடையாளமாக நிற்கிறது.

தமிழ் முஸ்லிம் எழுத்திலும் இந்த இரு வழக்குகளும் பதிவாகியிருக்கின்றன. தோப்பில் முஹம்மது மீரான் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யில் பக்தியின் பெயரால் ஏமாற்றும் 'தங்கள்' என்ற மதகுருவையும் ஊரை ஆட்டிவைக்கும் முதலாளியையும் அங்கதத்தால் அம்பலப்படுத்தினார். நாவல் இன்று பெருமையோடு வாசிக்கப்படுகிறது. தக்கலைக் கவிஞர் ஹெச்.ஜி.ரசூலுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. இஸ்லாமும் குடிப்பண்பாடும் பற்றி 'உயிர்மை'யில் எழுதிய கட்டுரைக்காக 2007இல் அவரை ஊர் ஜமாஅத் விலக்கிவைத்தது. அவர் குடித்ததற்காக அல்ல, குடியைப் பற்றி எழுதியதற்காக. சூஃபி ஞானி பீர்முகம்மது அப்பாவின் ஊரில் அது நடந்தது என்பது கூடுதல் வேதனை.

சொல்லைக் குற்றமாக்கும் இந்தப் போக்கை மாற்ற முயல்கிறவர்கள் பாகிஸ்தானிலிருந்தே எழுந்திருக்கிறார்கள், அவர்களில் மார்க்க அறிஞர்களும் உண்டு. ஜாவேத் அஹ்மத் காமிதி, நபியை இழிவுபடுத்தினால் மரணம் என்பதற்குக் குர்ஆனில் ஆதாரமில்லை என்று வாதிட்டார். அச்சுறுத்தல்களால் அவர் 2010இல் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. பழைய ஹனஃபி நூல்களில் குற்றவாளிக்குத் தவ்பா செய்து, அதாவது மனம் வருந்தி மன்னிப்புக் கோரி மீளும் வழி இருந்ததை வேறு சிலர் எடுத்துக்காட்டுகிறார்கள். 1927இன் 295ஏ பிரிவு, வேண்டுமென்றே தீய நோக்கத்தோடு செய்தாரா என்று கேட்கிறது. 1986இன் 295சி பிரிவில் நோக்கம் பற்றிய சொல்லே இல்லை. குடித்தவரிடம் ஷரீஅத் சட்டம் தெரிந்து குடித்தாயா, கட்டாயத்தில் குடித்தாயா, தெளிந்த நிலையில்தான் ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டது. ஒரு சொல்லைப் பேசியதற்காக உயிரே போகும் நிலையில் நிற்பவரிடமும் அந்தக் கேள்விகளைக் கேட்கச் சட்டத்தில் இடம் வேண்டும் என்பதே இவர்களின் குறைந்தபட்சக் கோரிக்கை. அதற்கு ஆதாரம் தேடி அவர்கள் மேற்கே போக வேண்டியதில்லை, தங்கள் மத்ரஸா அலமாரிகளைத் திறந்தாலே போதும்.